ஆறுக்கு அடுத்தது எட்டு

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு குழந்தைக்கு ஏழு என்ற எண்ணே இல்லாமல் எண்ணக் கற்றுக்கொடுத்தேன். தெரியாமல் செய்யவில்லை. உட்கார்ந்து யோசித்து, வஞ்சம் வைத்துத்தான் செய்தேன். அந்தக் குழந்தைமேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. கோபமெல்லாம் அவளுடைய அக்காமேல். இன்றைக்கும் இருக்கிறது. அதை மறைத்து நல்லபிள்ளை வேஷம் போட எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரை ஓரமாகக் கொஞ்சம் நடந்தால் வரும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் கட்டியிருந்தார்கள். இரண்டு அறை, ஒரு வராந்தா, ஒரு புங்கமரம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே பேர், பெரிய டீச்சரும் ஒரு சாரும். சார் மாதத்தில் பாதி நாள் ட்ரெய்னிங் என்று போய்விடுவார். பெரிய டீச்சருக்கு எந்நேரமும் ஏதாவது ஒரு படிவம் நிரப்பியாக வேண்டும். எந்தப் பிள்ளைக்குச் செருப்பு அளவு எவ்வளவு, எத்தனை பேருக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால் பள்ளிக்கூடத்தை நடத்தியது ஐந்தாம் வகுப்புதான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. காலையில் பூட்டைத் திறப்பது, தண்டவாளத் துண்டில் மணி அடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, மதியம் சத்துணவுக்கு வரிசை நிறுத்துவது, முட்டை போடுகிற நாளில் யாரும் இரண்டாவது முறை வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் எங்கள் வேலை. நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். ஜூன் மாதம் முதல் வாரமே ஆளுக்கொரு பதவி கொடுத்தார்கள். எனக்குச் செடி. அந்தக் குழந்தையின் அக்காவுக்குச் சுகாதாரம்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த மரியாதையைக்கூட அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. பதவி கிடைத்த மறுநாளே வீட்டிலிருந்த நெயில்கட்டரைச் சிவப்புக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து நான் மனசுக்குள் அவளை நெயில்கட்டர் என்றுதான் கூப்பிடுவேன். அவள் அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் நிறையக் கழனி. அந்தக் கழனியில் நாற்று நடவும் களை எடுக்கவும் போகிறவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

வகுப்புச் சுவரில் ஆரோக்கியச் சக்கரம் என்று வட்டமாக ஓர் அட்டை தொங்கும். பல், குளியல், நகம், தலை, துணி என்று அதில் ஐந்து படங்கள். பிரேயர் முடிந்ததும் வரிசையில் நிற்க வேண்டும். சுகாதாரத் தலைவி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருவாள். சுவரின் அடிப்பக்கத்தில் எங்கள் உயரத்துக்குக் கறுப்பு அடித்த பலகை ஒன்று நீளமாக இருக்கும். அதில் அவரவர் பெயருக்கு நேராக ஐந்துக்கும் தனித்தனியாக டிக் போடுவாள், அல்லது இன்ட்டு போடுவாள்.

ஊர்ப் பிள்ளைகளின் கையை நெயில்கட்டர் தன் கையால் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள். எங்கள் கையை ஸ்கேலால் திருப்புவாள். ஒரு அடி நீள மர ஸ்கேல். அதன் நுனியால் என் உள்ளங்கையைத் தட்டுவாள், நான் திருப்ப வேண்டும். தலையைப் பார்க்கவும் அதே ஸ்கேல்தான். முடியை அதால் ஒதுக்கி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். காலனியிலிருந்து ஐந்தாம் வகுப்பில் மூன்று பேர் இருந்தோம். மற்ற இரண்டு பேரும் பையன்கள். அவர்கள் இதைச் சட்டை செய்யவில்லை. ஸ்கேலைப் பார்த்ததும் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என்னால் அப்படி இருக்க முடியவில்லை.

என் அம்மா விடியற்காலையில் கழனிக்குப் போவதற்கு முன்னால் என்னை எழுப்பி, பம்புசெட் தண்ணீரில் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, இழுத்து ஜடை பின்னிவிட்டுத்தான் போவாள். இழுக்கிற இழுப்பில் கண் ஓரத்தில் நீர் வந்துவிடும். அப்படிப் போய் நின்றால் தலைக்கு இன்ட்டு. ஜூன் முழுக்க இன்ட்டு. பெரிய டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் படிவத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "சுத்தமா வந்தா அவ ஏன் போடப்போறா? போய் உக்காரு" என்றார்.

ஜூலையில் ஒருநாள் உண்மையிலேயே ஒரு பேன் கிடைத்துவிட்டது. ஒன்றே ஒன்று. பேன் இல்லாத தலை அந்தப் பள்ளிக்கூடத்தில் எது? நெயில்கட்டரின் ஜடையிலேயே ஈர் இருந்ததை நான் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் கணக்கு எடுக்கிறவள் அவள். ஸ்கேல் நுனியில் அந்தப் பேனை ஏற்றி, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டிக்கொண்டு போனாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரைக்கும் போய்க் காட்டினாள். "இவ பக்கத்துல யாரும் பாய்ல ஒக்காராதீங்க, ஒட்டிக்கும்" என்றாள். நான் அன்றைக்கு முழுக்க வராந்தாத் தூண் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து வகுத்தல் கணக்கு போட்டேன். எல்லாக் கணக்கும் சரியாக வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். நாளைக்கே வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்திரிக்கோலை எடுத்தாள்.

"வேணாம்மா" என்றேன்.

"கம்முனு ஒக்காரு. அவங்க கழனியில கால வெச்சிதான் நாம சோறு துன்றோம். அங்க போயி நான் இன்னா கேக்கறது?"

என் முடி இடுப்பு வரைக்கும் இருந்தது. காது தெரிகிற அளவுக்கு வெட்டிவிட்டாள். வெட்டும்போது அம்மாவும் அழுதாள், ஆனால் கை நிற்கவில்லை. மறுநாள் போய் வரிசையில் நின்றேன். நெயில்கட்டர் ஸ்கேலால் என் காதோரத்தைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க அங்கே முடியே இல்லை. அப்புறம் குனிந்து தலைக்கு நேராக இன்ட்டு போட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவளை இதே மாதிரி எல்லார் முன்னாலும் தலைகுனிய வைக்காமல் இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போவதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். ஐந்தாவது முடிந்தால் டிசி வாங்கிக்கொண்டு உத்திரமேரூர் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். எனக்கு இருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டுத் திறந்ததும் பெரிய டீச்சர் ஒரு ஏற்பாடு செய்தார். எங்கள் பள்ளியில் வருஷா வருஷம் நடப்பதுதான். ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிடுவார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் நாங்கள்தான் அவர்களுக்கு டீச்சர். எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏணி மாதிரி படம் போட்ட அட்டையில் பிள்ளை எந்தப் படிவரைக்கும் வந்திருக்கிறது என்று நாங்களே குறித்துவைக்க வேண்டும். மார்ச் மாதம் ஆண்டு விழாவில் அந்தப் பிள்ளைகள் மேடையேறிப் படித்ததைச் சொல்லும். சொல்லிக்கொடுத்தவர்களுக்குப் பரிசு உண்டு.

பதிவேட்டில் மேலிருந்து கீழாக வரிசைப்படி பிரித்தார். என் பெயருக்கு நேராக வந்தது நெயில்கட்டரின் தங்கச்சி.

நெயில்கட்டர் எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க பாப்பாவ எனுக்கே குடுங்க டீச்சர். இவ வேணாம்."

"சொந்தத் தங்கச்சின்னா நீ செல்லம் குடுப்ப. மாத்த முடியாது. பேஜார் பண்ணாம ஒக்காரு."

சாமி ஒன்று இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கு நம்பிக்கை வந்தது. கேட்காமலே கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறதே. அந்த வீட்டுச் செல்லக் குழந்தை மேடையில் மைக் முன்னால் நின்று உளற வேண்டும். ஊரே சிரிக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அவள் அப்பா முகத்தில் ஈயாடக் கூடாது. நெயில்கட்டர் எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியாமல் நிற்க வேண்டும். இதுதான் என் திட்டம். ஐந்து மாதம் இதையே நினைத்துக்கொண்டு தூங்கி, இதையே நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் ஒரே வாரத்தில் மாட்டிக்கொள்வேன். அதனால் எழுத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். ஆறுக்கு அடுத்தது எட்டு. ஏன் ஏழு என்றால் ஒரு காரணமும் இல்லை. அட்டைப் பெட்டியைத் துழாவியபோது முதலில் கையில் வந்தது ஏழு போட்ட அட்டை. அதை எடுத்து என் பைக்குள் அடித்துணி கிழிந்திருந்த இடத்தில் செருகிவைத்தேன். வகுப்புச் சுவரில் நூறு வரைக்கும் எண்கள் எழுதியிருந்தன. அதனால் "உள்ள ஒரே சத்தம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவளைப் புங்கமரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவேன்.

ஏழு போனால் பதினேழும் போக வேண்டும், இருபத்தேழும் போக வேண்டும். அறுபத்தாறு, அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, நேராக எண்பது. நூறில் மொத்தம் எத்தனை எண் காணாமல் போகும் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்தொன்பது வந்தது. ஐந்தாம் வகுப்பில் நான் மனசாரப் போட்ட கணக்கு அதுதான். மற்றதெல்லாம் டீச்சருக்காகப் போட்டது.

குழந்தை சின்னது. ஆறு வயதுகூட நிரம்பியிருக்காது. இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக ஜடை, ரிப்பன், மூக்கில் எப்போதும் சளி. "அக்கா" என்றுதான் என்னைக் கூப்பிட்டாள். நெயில்கட்டர் அதைக் கேட்டுவிட்டு, "அத்தப் போயி அக்கான்னு கூப்புடாத, பேரச் சொல்லு" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே அதட்டினாள். குழந்தை தலையை ஆட்டிக்கொண்டது. மறுநாளும் அக்கா என்றுதான் கூப்பிட்டது.

புளியங்கொட்டையை வைத்து எண்ணப் பழக்கினேன். அவள் ஆறு வரைக்கும் கடகடவென்று சொல்லுவாள். ஏழாவது கொட்டையில் விரலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

"எட்டு" என்பேன்.

"எட்டா?"

"ஆமா. சொல்லு."

"எட்டு" என்று மெதுவாகச் சொல்லுவாள்.

ஒருநாள் விரல்களை எண்ணச் சொன்னேன். பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போய்ப் பதினொன்றில் முடித்தாள். இரண்டு கையையும் விரித்துவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எனுக்கு பதினோரு வெரலாக்கா?"

"ஆமா."

"உனுக்கும் பதினொன்னா?"

"எனக்கும்தான்."

"சரி" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. இந்த மக்கு மேடையேறினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்தேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குழந்தை என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான் உட்காரும். சட்டைப் பையிலிருந்து கசங்கிய கொய்யாத் துண்டு, வேர்க்கடலை என்று எதையாவது எடுத்து என் கையில் திணிக்கும். மழைக்காலத்தில் ஒருநாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று என் தலையைக் கையால் தடவி, "உன் முடி முள்ளாட்டம் கீதுக்கா" என்று சொல்லிச் சிரித்தது. முன்னும் பின்னும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது. அந்த வீட்டுக் கை என் தலையில் பட்டது அதுதான் முதல் முறை. கையைத் தட்டிவிட்டு, "ஒழுங்கா எழுது" என்று அதட்டினேன்.

பொங்கல் லீவு முடிந்து வந்த அன்றைக்கு, இந்தச் சனியன் பிடித்த திட்டத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பையில் கை விட்டு அந்த ஏழு அட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் குழந்தை பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் சுகாதாரத்துக்கு வரிசை நிறுத்தினார்கள். பொங்கலுக்கு எடுத்த புதுத்துணி போட்டுக்கொண்டு போயிருந்தேன், மஞ்சள் கலர் சுடிதார். நெயில்கட்டர் ஸ்கேலால் துப்பட்டாவைத் தூக்கிப் பார்த்தாள். "எங்க அம்மா குடுத்த பழசு தானே இது" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். பழசு இல்லை. அம்மா உத்திரமேரூர் கடைத்தெருவில் என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேரம் பேசி வாங்கியது. துணிக்கும் இன்ட்டு, தலைக்கும் இன்ட்டு. பையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மதியம் குழந்தையை உட்கார வைத்து இருபதிலிருந்து முப்பது வரைக்கும் நூறு தடவை சொல்லவைத்தேன். அதற்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. விடவில்லை.

பிப்ரவரி கடைசியில் பெரிய டீச்சர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உன் பிள்ளை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டார். மற்ற எட்டுப் பேரும் ஐம்பது, முப்பது என்று இழுத்தார்கள். நெயில்கட்டரின் பிள்ளை இருபதைத் தாண்டவில்லை. நான், "நூறு வரைக்கும் டீச்சர். மேடையில சொல்லட்டும்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. குழந்தையைக் கூப்பிட்டு மடியோடு சேர்த்து நிறுத்திக்கொண்டு, "சொல்லு கண்ணு" என்றார்.

இங்கேயே குட்டு உடைந்தால் மேடை போச்சு, பரிசு போச்சு, முதுகுத் தோலும் உரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று குழந்தை ஆரம்பித்தது. ஆறு சொன்னது. என்னைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, வாயை இறுக்கி மூடிக்கொண்டது. டீச்சர் என்ன கெஞ்சியும் திறக்கவில்லை.

"கூச்சப்படுது" என்றார் டீச்சர். "மைக்ல சொல்லுவியா?"

தலையை ஆட்டியது. எனக்கு உயிர் வந்தது.

ஆண்டு விழா அன்று நாலு மணிக்கெல்லாம் பந்தல் நிரம்பிவிட்டது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை கட்டியிருந்தார்கள். முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் ஜமுக்காளம். நாற்காலியில் யார் உட்கார்வார்கள், ஜமுக்காளத்தில் யார் உட்கார்வார்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, அவரவர் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நெயில்கட்டரின் அப்பா முதல் வரிசையில் நடு நாற்காலியில் இருந்தார். என் அம்மா கழனியிலிருந்து நேராக வந்து, ஜமுக்காளத்திலும் உட்காராமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். நெயில்கட்டர் அன்றைக்கு மாலை கொடுக்கிற வேலையில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு மேடைக்குக் கீழேயே நின்றாள். அவள் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நானும் நின்றேன். எட்டு மாசமாக ஏங்கிய காட்சி, அதைக் கண்ணால் பார்க்காமல் விடுவேனா?

பெரிய டீச்சர் மைக்கில் என் பெயரையும் குழந்தையின் பெயரையும் சொல்லி, ஒன்றாம் வகுப்பிலேயே நூறு வரைக்கும் எண்ணப்போகிறாள் என்று அறிவித்தார். குழந்தையை ஸ்டூல்மேல் ஏற்றிவிட்டார்கள்.

"ஒன்னு. ரெண்டு. மூனு. நாலு. அஞ்சு. ஆறு."

நிறுத்தினாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு என்று வாயசைத்துக் காட்டினேன். அவ்வளவு வெறி எனக்கு.

"ஏளு" என்றாள். மைக்கில் பந்தலே அதிர்ந்தது. "எட்டு. ஒம்போது. பத்து."

அப்புறம் எங்கேயும் நிற்கவில்லை. பதினேழு வந்தது. இருபத்தேழு வந்தது. நான் நாசமாக்கிவிட்டதாக நினைத்த பத்தொன்பது எண்ணும் ஒவ்வொன்றாக வந்து என் முகத்தில் அறைந்துவிட்டுப் போயின. எழுபதிலிருந்து எண்பது வரைக்கும் மூச்சு விடாமல் ஓடினாள். நூறு என்று முடித்ததும் கைத்தட்டல் அடங்கவே இல்லை. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது நெயில்கட்டர். அந்தப் பெருமை பொங்குகிற முகத்தைப் பார்க்கவா நான் இத்தனை மாதம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்?

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். கொடுத்தது அவள் அப்பா. "பரவால்லியே, நம்ம கழனியில வேலை செய்றவ பொண்ணு, நல்லாவே சொல்லிக் குடுத்துக்கீது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டே கொடுத்தார். அம்மா ஓரத்திலிருந்து கும்பிட்டாள். எனக்கு அந்த டம்ளரை அங்கேயே வீசி எறிய வேண்டும்போல இருந்தது.

நெயில்கட்டர் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். வீட்டில் குழந்தையை விசாரித்து, ஏழு என்ற எண்ணைத் தானே சொல்லிக்கொடுத்து, எனக்குத் தெரியாமல் என் திட்டத்தில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாள். கடைசியிலும் அவள்தான் ஜெயித்தாள். ஆத்திரம் தாங்கவில்லை. மேடையை விட்டு இறங்கிய குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போனேன்.

"யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு? உங்கக்காவா?"

"எது?"

"ஏழு."

"யாரும் சொல்லித்தரல. எங்க வூட்டு மாடு ஏளு கீது. கொட்டாயில கட்டறப்போ நைனா டெய்லி எண்ணச் சொல்லும்."

"எழுபதெல்லாம்?"

"செவுத்துல எழுதிக்கீது இல்ல."

ஏழு எங்கே இல்லை? காலண்டரில் இருந்தது, பஸ் முகப்பில் இருந்தது, டிவியில் ஏழு மணிச் செய்தியில் இருந்தது. ஓர் அட்டையைப் பைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, ஓர் எண்ணையே உலகத்திலிருந்து எடுத்துவிட்டதாக ஐந்து மாதம் நம்பியிருக்கிறேன். அவ்வளவு பெரிய மக்கு நான்தான்.

"அப்ப இத்தினி நாளா என்கிட்ட ஏன் சொல்லல?"

குழந்தை திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. நான் குனிந்தேன். என் காதில் வாயை வைத்துச் சொன்னது.

"உனுக்குத்தான் ஏளு தெரியாதே. எங்கக்காவுக்குத் தெரிஞ்சா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு சிரிக்கும். அதான் நானு யார்கிட்டயும் சொல்லல."

"இன்னைக்கு மட்டும் ஏன் சொன்ன?" என்று கேட்டேன்.

"மைக்ல தப்பா சொன்னா டீச்சர் உன்னதான அடிப்பாங்க."

நெயில்கட்டரை நான் மன்னிக்கவில்லை. அதில் எந்த மாற்றமும் இல்லை. போன வருஷம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் குழந்தையும் குட்டியுமாக நின்றவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனிமேலும் அப்படித்தான் செய்வேன். ஸ்கேலை அவள் மறந்திருக்கலாம், என் கைக்கு அது மறக்கவில்லை. ஆனால் அந்தச் சின்னக் குழந்தையை நினைத்தால் என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்த எண்ணை ஐந்து மாதம் வாய்க்குள்ளேயே முழுங்கிக்கொண்டு, இல்லாத பதினோராவது விரலை ஒத்துக்கொண்டு, என்னைத் தன் அக்காவிடமிருந்து காப்பாற்றியிருக்கிறாள். நான் அந்த அக்காவைத் தண்டிக்க இவளை ஊர் முன்னால் ஸ்டூல்மேல் ஏற்றினேன். இதற்கு எனக்கு யார் இன்ட்டு போடுவது?

பந்தலில் டான்ஸ் பாட்டு ஆரம்பித்துவிட்டது. குழந்தை போகாமல் நின்றுகொண்டிருந்தது.

"இப்ப உனுக்கு ஏளு தெரிஞ்சிடுச்சாக்கா?"

"ம்."

"சொல்லு பாக்கலாம்."

சொல்லாவிட்டால் போகாது என்று தெரிந்தது. நான் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அவள் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தாள். ஆறு வரைக்கும் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வாயே வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள்.

"பரவால்லக்கா, நாளிக்கு சொல்லு" என்று சொல்லிவிட்டு டான்ஸ் பார்க்க ஓடிவிட்டாள்.